முடிவு மட்டும் சரியாக இருந்தால் போதுமா?

ஓர் ஊரில் இரண்டு வீட்டாரிடையே மதில் தகராறு. ஜமாஅத் பெரியவர் ஒருவரிடம் வழக்கு வந்தது. அவர் மனையைப் போய்ப் பார்க்கவில்லை. பத்திரத்தைப் பிரித்துப் படிக்கவில்லை. இரு தரப்பாரையும் அழைத்து விசாரிக்கவும் இல்லை. "மதிலை இரண்டு முழம் உள்ளே தள்ளிக் கட்டு" என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் நில அளவர் வந்து சங்கிலி போட்டு அளந்தபோது, பெரியவர் சொன்ன இரண்டு முழமும் இம்மி பிசகாமல் சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெரியவரை நாம் நீதிமான் என்போமா?

"என்போம்" என்று சிலர் விடை கூறக்கூடும். நிலம் உரியவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; பிறகு குறை என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். "என்னோம்" என்பர் வேறு சிலர். கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் மாங்காயில் பட்டது என்பதற்காக, எறிந்தவனைக் குறி பார்ப்பதில் வல்லவன் என்று யாரும் புகழ்வதில்லை என்பது இவர்கள் வாதம். இன்னொன்றும் இருக்கிறது. மதிலைத் தள்ளிக் கட்டியவர் இழந்தது இரண்டு முழ நிலத்தை மட்டும் அன்று. "என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்ற வருத்தம் அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது. நில அளவரின் சங்கிலி அந்த வருத்தத்தை அளப்பதுமில்லை, ஆற்றுவதுமில்லை.

வினா பழையது. ஆயினும் நம் காலத்தில் அது ஜமாஅத் திண்ணையோடு நின்றுவிடவில்லை. ஒரு நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும், எந்த வயலில் வீடுகள் எழ வேண்டும், எந்தத் தோப்பு தோப்பாகவே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வளர்ச்சித் திட்டங்கள் நீதிமன்றத்துக்கு வரும்போதெல்லாம் இதே வினாதான் வேறு உடை உடுத்து வந்து நிற்கிறது. திட்டம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது எந்த ஆதாரத்தின் மீது நிற்கிறது? ஆதாரம் பழுதென்றால் திட்டமும் விழத்தான் வேண்டுமா? இதனை ஒரு சட்ட நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாமல், ஓர் அறக் கேள்வியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபடமும் வாழ்வும்

நகரத் திட்டம் என்பது வெளிப்பார்வைக்கு ஒரு வரைபடம். சில பக்க விளக்கம். அதில் தீட்டப்படும் நிறங்களோ மனிதர் வாழ்வையே மாற்றிவிடுகின்றன. ஒரு வயலுக்குக் குடியிருப்பு நிறம் தீட்டினால் அதன் உரிமையாளர் ஓர் இரவில் செல்வந்தராகிறார். பக்கத்து வயலைப் பசுமைப் பகுதி என்று குறித்துவிட்டால் அதற்குரியவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். அருகில் வாழும் குடும்பத்தார் திறந்த வெளியை இழக்கின்றனர். வீடில்லாத வேறொரு குடும்பத்தாருக்குக் கூரை கிடைக்கிறது. இவ்வளவு பெரிய ஆக்கத்தையும் இழப்பையும் தன்னுள் கொண்ட ஒரு கருவியை, வரைபவரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது என்பது வெளிப்படை.

இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம், அனுமதியின்றி எவரும் தம் நிலத்தில் புதிதாகக் கட்டலாகாது என்ற நெறியை நிலைநாட்டியது. 2004-ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் வளர்ச்சித் திட்டம் வகுக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. மன்றம் வகுத்த திட்டத்தைத் தனித் தேர்வாளர் ஒருவர் பகிரங்கமாக ஆராய்வார். அது உறுதியான அடிப்படையில் அமைந்ததா, நியாயமான மாற்று வழிகளை எடைபோட்டதா, தக்க ஆதாரங்களைக் கொண்டதா என்று அவர் பார்க்க வேண்டும். திட்டம் ஏற்கப்பட்ட பின்னர், பாதிக்கப்பட்டவர் ஆறு வாரங்களுக்குள் உயர்நீதிமன்றத்தை நாடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு நெறியாணையையொட்டி, சுற்றுச்சூழல் விளைவுகளை மாற்று வழிகளோடு ஒப்பிட்டு எழுதிய மதிப்பீட்டறிக்கையும் திட்டத்தோடு சேர்ந்து வர வேண்டும் என்ற கடமையும் அங்கே ஏற்பட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நீதிமன்றம் அவ்வழக்கில் "இத்திட்டம் நல்லதா?" என்று கேட்பதில்லை. "இதனை வகுத்தவர், வகுப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தாரா?" என்று மட்டுமே கேட்கும். மேலே கூறிய பெரியவர் கதையில், இரண்டு முழம் சரியா என்று அளப்பது நீதிமன்றத்தின் வேலை அன்று. அவர் மனையைப் பார்த்தாரா, பத்திரத்தைப் படித்தாரா, இரு தரப்பாரையும் கேட்டாரா என்று விசாரிப்பதே அதன் வேலை.

சிதறிக் கிடந்த காரணங்கள்

இங்கிலாந்தின் கிழக்கே நியூமார்க்கெட் என்றோர் ஊர். குதிரைப் பந்தயத்துக்கும் பந்தயக் குதிரைகளை வளர்ப்பதற்கும் பெயர் பெற்றது. அப்பகுதியின் உள்ளாட்சியான ஃபாரஸ்ட் ஹீத் மாவட்ட மன்றம் 2010-இல் ஏற்ற திட்டத்தில், ஊரின் வடகிழக்கே 1,200 வீடுகள் கட்ட இடம் குறிக்கப்பட்டிருந்தது. ஊரின் பழமையைக் காக்க முயன்றோர் வழக்குத் தொடுத்தனர். 2011 மார்ச்சில் தீர்ப்பளித்த நீதிபதி காலின்ஸ், திட்டத்தின் அந்தப் பகுதியை ரத்து செய்தார்.

காரணம் என்ன? மாற்று வழிகள் ஏன் கைவிடப்பட்டன என்பது இறுதி அறிக்கையில் தெளிவாக இல்லை. முன்னர் வெளியான ஆவணங்களில் இருக்கிறது என்று கூறினால், படிப்பவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துத் தாமே கோத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பொதுமக்களைக் காகிதக் குவியலுக்குள் அலையவிடுவது காரணம் கூறுவதாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இது வெறும் எழுத்து ஒழுங்கு பற்றிய செய்தி அன்று. காரணம் இருக்கிறது என்பது வேறு. காரணத்தைச் சொன்னோம் என்பது வேறு. தந்தை தம் சொத்தைப் பிள்ளைகளிடையே பங்கிடும்போது, ஏன் இப்படிப் பங்கிட்டார் என்பது அவர் நெஞ்சில் இருக்கலாம். எங்கோ ஒரு பழைய கணக்கேட்டின் ஓரத்தில்கூட எழுதியிருக்கலாம். மகனும் மகளும் அறியும்படி அதை எடுத்துச் சொல்லாதவரை, அது அவர்களுக்குக் காரணம் ஆவதில்லை. காரணம் என்பது கேட்பவரின் கைக்கு எட்டும்படி வைக்கப்பட வேண்டிய பொருள்.

மீண்டும் அதே முடிவு

அடுத்து நார்விச் நகர வழக்கு. நம் வினாவின் நெஞ்சையே தொடும் வழக்கு இது. நார்விச், பிராட்லாண்ட், தெற்கு நார்ஃபோக் ஆகிய மூன்று மன்றங்களும் கூடி ஒரு கூட்டுத் திட்டம் வகுத்து, 2011 மார்ச்சில் ஏற்றன. நகரின் வடகிழக்கில் முக்கோண வடிவான ஒரு பெரும்பகுதி வளர்ச்சிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2026-க்குள் அங்கே 7,000 வீடுகள். பின்னர் அது குறைந்தது 10,000 ஆகப் பெருகும் என்பது கணக்கு. அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் நீதிமன்றம் சென்றார். 2012 பிப்ரவரியில் நீதிபதி ஊஸ்லி தீர்ப்பளித்தார். வடகிழக்கு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்குரிய விளக்கம் மதிப்பீட்டறிக்கையில் இல்லை. தேர்ந்தெடுத்த வழியை ஆராய்ந்த அதே ஆழத்தில் மற்ற நியாயமான வழிகளும் ஆராயப்படவில்லை என்று அவர் கண்டார். திட்டம் முழுவதையும் அவர் கவிழ்த்துவிடவில்லை. வடகிழக்கு முக்கோணத்தைப் பற்றிய பகுதிகளை மட்டும் மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார்.

மன்றங்கள் மீண்டும் உட்கார்ந்தன. மாற்று வழிகளை ஒப்பிட்டு எடைபோட்டன. புதிய மதிப்பீடு எழுதின. தேர்வாளர் மீண்டும் விசாரித்தார். 2014 ஜனவரியில் திருத்திய பகுதி ஏற்கப்பட்டது. முடிவு? வளர்ச்சி வடகிழக்கிலேயே என்பதுதான்!

"இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று வாசக அன்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன; பொதுப் பணம் செலவாயிற்று; வீட்டுக்குக் காத்திருந்தோர் மேலும் காத்திருந்தனர். முடிவோ மாறவில்லை. அப்படியானால் வழக்குத் தொடுத்தவர் பெற்றது என்ன? நீதிமன்றம் சாதித்தது என்ன?

அவசரப்பட்டு விடை கூறுவதற்கு முன் மற்றொரு நகரத்துக்குச் செல்வோம். வடக்கே லீட்ஸ் மாநகரம் 2014-இல் ஏற்ற அடிப்படைத் திட்டத்தில், 2012 முதல் 2028 வரை 70,000 வீடுகள் தேவை என்று கணக்கிட்டது. அதற்கு ஈடுகொடுக்க நகரைச் சூழ்ந்த பசுமை வளையத்தின் சில நிலங்களையும் வீட்டுமனையாக்க வேண்டும் என்று இடஒதுக்கீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. அத்திட்டம் விசாரணையில் இருந்தபோதே தேவை பற்றிய கணக்கு மாறியது. 2017 முதல் 2033 வரை 51,952 வீடுகள் போதும் என்ற புதிய எண் எழுந்தது. ஆயினும் 2019 ஜூலையில் பசுமை வளைய நிலங்கள் உள்ளிட்ட அந்த ஒதுக்கீடுகள் ஏற்கப்பட்டன. ஏர்பரோ பகுதி மக்களின் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2020 ஜூனில் நீதிபதி லீவன் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். தேவை இவ்வளவு குறைந்த பிறகும் பசுமை வளையத்தைத் திறப்பது ஏன் என்பதற்குத் தேர்வாளர் அறிக்கையில் போதிய காரணம் இல்லை. எண்களைப் புரிந்துகொண்டதிலும் பிழை இருந்தது. பசுமை வளையத்தில் வீட்டுக்கென ஒதுக்கிய 37 இடங்கள் மறு ஆய்வுக்குச் சென்றன. 2024-இல் அந்த ஆய்வு முடிந்தபோது, அவற்றில் ஏறக்குறைய எல்லாமே வீட்டு ஒதுக்கீட்டிலிருந்து நீங்கிப் பசுமை வளையத்துக்கே திரும்பின.

இரண்டு நகரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் குறை ஒரே வகையானது: முடிவுக்கும் ஆதாரத்துக்கும் இடையே இருக்க வேண்டிய பாலம் இல்லை. இரண்டிலும் நீதிமன்றம் செய்தது ஒன்றே: "மீண்டும் பார்" என்றது. நார்விச்சில் மீண்டும் பார்த்தபோது முதலில் சொன்னதே சரி என்றாயிற்று. லீட்ஸில் மீண்டும் பார்த்தபோது முதலில் சொன்னது நிற்கவில்லை. எது எப்படி முடியும் என்பதை, பார்ப்பதற்கு முன் எவராலும் சொல்லியிருக்க முடியுமா? "எப்படியும் இதே முடிவுதான் வரும், ஆகவே பார்க்க வேண்டியதில்லை" என்ற வாதத்தின் பொய்மை இங்கேதான் வெளிப்படுகிறது. அந்த வாதத்தைக் கூறுபவர், பார்த்தால்தான் தெரியக்கூடிய ஒன்றை, பார்க்காமலே தெரிந்துகொண்டதாகப் பாவனை செய்கிறார். லீட்ஸ் நகரத்தாரும் 2019-இல் அப்படியே நம்பியிருக்கக்கூடும்.

ஆகவே நார்விச் வழக்கு வீண் அன்று. அங்கே முடிவு மாறவில்லை என்றாலும் முடிவின் தன்மை மாறிவிட்டது. முதலில் அது வலிமையுள்ளோர் வைத்த சொல். பின்னர் அது காரணம் காட்டி நிறுவிய தீர்ப்பு. முன்னதை எதிர்த்தவன் "ஏன்?" என்று கேட்டால் பதில் இல்லை. பின்னதை எதிர்ப்பவன் "ஏன்?" என்று கேட்டால் எடுத்துக் காட்டப் பக்கங்கள் இருக்கின்றன. அவன் அதை ஏற்காமல் போகலாம். ஆனால் தன்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்று அவன் குறைப்பட இடமில்லை.

வீடில்லாதவரின் குரல்

இனி மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று.

வழக்குத் தொடுப்பவர் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே வீடுள்ளவர். அவருக்குச் சாளரத்தைத் திறந்தால் வயல் தெரிய வேண்டும். வாயிலில் வண்டி நெரிசல் கூடாது. அவரிடம் நேரம் இருக்கிறது; வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் திரட்ட வழியும் இருக்கிறது. எதிர்த்தரப்பில் யார் நிற்க வேண்டும்? அந்த வயலில் நாளை எழக்கூடிய வீட்டில் குடியேறப் போகும் இளந்தம்பதியர். வாடகை ஏறியதால் ஊரைவிட்டே போகும் குடும்பத்தார். இன்னும் பிறவாத குழந்தைகள். இவர்கள் யார் என்பது இவர்களுக்கே இன்று தெரியாது. பெயர் இல்லாதவர் எப்படி நீதிமன்றப் படியேறுவது? ஆகவே ஆதாரம், நடைமுறை, காரணம் என்றெல்லாம் பேசுவது, இருப்பவர் இல்லாதவரைத் தடுத்து நிறுத்தக் கையாளும் நாகரிகமான தந்திரமே என்கின்றனர் சிலர்.

இதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல சட்டத்தைத் தீய நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். தாமதம் ஒன்றையே இலாபமாகக் கருதி வழக்காடுவோர் எந்த நாட்டிலும் உண்டு. ஆனால் இந்த வாதம் ஒன்றைக் காணத் தவறுகிறது. வந்து நிற்க இயலாத அந்தக் குடும்பங்களுக்காகப் பேசுவதற்கு மன்றத்தின் அறைக்குள் இருப்பது எது? அவர்கள் எத்தனை பேர், எவ்வளவு வருமானம் உள்ளவர், எத்தனை வீடுகள் அவர்களுக்குத் தேவை என்று எண்ணிக் காட்டும் ஆதாரம்தான். ஆதாரமே இல்லாதவரின் வாய். அதை அடைத்துவிட்டால் அறைக்குள் எஞ்சுவது வந்து கூச்சலிடக் கூடியவரின் குரல் மட்டுமே.

இதற்கு ஒரு வழக்கு சான்று பகரும். பர்மிங்ஹாம் நகரை அடுத்த சோலிஹல் மன்றம், 2006 முதல் 2028 வரை 11,000 வீடுகள் என்று குறித்து, 2013 டிசம்பரில் தன் திட்டத்தை ஏற்றது. வீடு கட்டும் நிறுவனங்கள் இரண்டு வழக்குத் தொடுத்தன. தங்கள் நிலத்தைப் பசுமை வளையத்தில் சேர்த்துவிட்டனர் என்பது அவர்களின் சொந்தக் குறை. 2014 ஏப்ரலில் நீதிபதி ஹிக்கின்பாட்டம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

மன்றம் செய்த பிழை சிந்தனைக்குரியது. உண்மையில் எத்தனை வீடுகள் தேவை என்பதை முதலில் முழுமையாகக் கணித்துவிட்டு, பின்னர் நிலத்தின் வசதியையும் பசுமை வளையத்தையும் கருதி அத்தனையும் தர இயலுமா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டு தனித்தனிப் படிகள். மன்றமோ முதற்படியை ஏறாமலே, முன்பு வட்டார அளவில் நடந்த ஆய்வொன்றில் கிடைத்த எண்ணைச் சார்ந்து நின்றுவிட்டது. நீதிமன்றம் "நீங்கள் இத்தனை வீடு கட்டியே தீர வேண்டும்" என்று கட்டளையிடவில்லை. "தேவை எவ்வளவு என்பதை முதலில் அறியுங்கள், முழுவதையும் தர முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள்" என்றதே தவிர வேறில்லை.

இந்த இரண்டு படிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, என் கருத்தில், ஒரு பெரிய அறப் பாடம். கொடுக்க இயலாதவன் கேட்பவனின் பசியைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. "உனக்கு இரண்டு இட்டிலி போதும்" என்று தாய் சொல்வதற்கும், "உனக்கு நான்கு வேண்டும் என்பது தெரியும், இன்று என்னிடம் இரண்டுதான் இருக்கிறது" என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தைக் குழந்தை அறியும். முன்னது பசியையே மறுப்பது. பின்னது பசியை ஒப்புக்கொண்டு வறுமையைச் சொல்வது. ஏழையின் தேவையை நம் வசதிக்கேற்பச் சுருக்கி எண்ணுவது, கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடிய குற்றம். ஏனெனில் கொடுக்கப்படாத தேவை நாளையேனும் நினைவுக்கு வரும். எண்ணப்படாத தேவை இருந்ததாகவே எவருக்கும் தெரியாது.

அந்த வழக்கைத் தொடுத்தோர் தம் இலாபத்தை நாடியவர்கள்தாமே என்று ஒருவர் கேட்கலாம். ஆம், அதனால் என்ன? சொல்பவனின் ஆதாயம் சொல்லின் உண்மையை அழித்துவிடாது. பக்கத்து வீட்டுக்காரன் தன் தூக்கம் கெடுகிறதே என்றுதான் "உன் வீட்டில் தீ" என்று கத்துகிறான்; அதற்காகத் தீயை அணைக்காமல் இருப்போமா? ஆதாரத்தைக் கேட்கும் உரிமை, வயலைக் காக்க விரும்புபவனுக்கும் வீட்டைக் கட்ட விரும்புபவனுக்கும் ஒன்றாகவே திறந்திருக்கிறது. தராசின் நியாயம், அது எந்தத் தட்டுக்கும் உறவு கொண்டாடாததில்தான் இருக்கிறது.

ஆதாரம் சடங்கானால்

இன்னும் ஆழமான ஐயம் ஒன்று எஞ்சி நிற்கிறது. ஆதாரம் வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தினால், ஆதாரம் தயாரிக்கப்படும். முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்ற அறிக்கையைக் கூலிக்கு எழுதி வாங்குவது முடியாத காரியமா? அப்பொழுது காகிதம் பெருகும், உண்மை பெருகாது.

நம் நாட்டு வழக்கொன்று இதனை நினைவூட்டும். இது நகரத் திட்டம் பற்றியதன்று. கோவாவில் மோப்பா என்னுமிடத்தில் எழவிருந்த விமான நிலையம் பற்றியது. 2015 அக்டோபரில் அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விண்ணப்பப் படிவத்தில் சுற்றுப்புறக் காடுகளும் சூழல் நுட்பம் வாய்ந்த பகுதிகளும் உள்ளபடி தெரிவிக்கப்படவில்லை என்று கண்ட நீதிமன்றம், 2019 மார்ச் 29 அன்று அனுமதியை நிறுத்திவைத்து, வல்லுநர் குழுவை மறுபடி ஆராயச் சொன்னது. குழு அடுத்த மாதமே கூடி மேலும் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கப் பரிந்துரைத்தது. 2020 ஜனவரியில் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2023 ஜனவரியில் அங்கிருந்து விமானங்கள் பறக்கத் தொடங்கின.

நார்விச்சைப் போலவே இங்கும் முடிவு மாறவில்லை. அங்கே மறு ஆய்வு ஏறத்தாழ இரண்டாண்டு நடந்தது. இங்கே சில வாரங்களில் பரிந்துரை வந்தது. குறுகிய காலத்தில் நடந்தது என்பதாலேயே ஓர் ஆய்வைப் போலியென்று சொல்லிவிட முடியாது. எனினும் இரண்டையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை துலங்குகிறது. "பார்த்தாயா?" என்று நீதிமன்றம் கேட்கலாம், "திறந்த மனத்தோடு பார்த்தாயா?" என்பதை அது எட்டிப் பார்க்க முடியாது. கண் திறந்திருப்பதற்குச் சாட்சி உண்டு. நெஞ்சு திறந்திருப்பதற்குச் சாட்சி அவரவர் மனச்சான்று மட்டுமே.

அப்படியானால் சட்டத்தின் இக்கடமை பயனற்றதா? அன்று. பொய் அறிக்கை எழுதுபவனும் ஏதோ ஒன்றை எழுதி வெளியிட்டாக வேண்டும்; வெளியிட்டால் அது எல்லார் கண்ணிலும் படும்; எங்கே பொய் என்று சுட்டிக்காட்ட ஓர் இடம் கிடைக்கும். மௌனத்தை மறுக்க முடியாது, எழுத்தை மறுக்கலாம். மோப்பாவில் மறைக்கப்பட்டவை வெளிப்பட்டதும், நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்ததால்தான்.

நீதிபதியின் எல்லை

இவ்வளவும் கூறிய பின், நீதிமன்றமே திட்டத்தை வகுத்துவிட்டால் என்ன என்று நினைக்கத் தோன்றும். அது ஆகாது. இமாசலப் பிரதேசத்தின் சிம்லா நகருக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் சட்டவிரோதம் என்றது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. திட்டம் வகுப்பது சட்டம் இயற்றுவதையொத்த பணி. இப்படித்தான் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் முன்கூட்டிக் கட்டளையிட முடியாது என்பது அதன் கருத்து.

இது முன்னே கூறியவற்றுக்கு முரண் அன்று. அவற்றை நிறைவு செய்வது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் முடிவு செய்யட்டும். அந்த முடிவுக்கு மக்களிடம் அவரே பதில் சொல்லட்டும். நீதிபதி தம் விருப்பத்தை அவர் விருப்பத்தின் இடத்தில் வைத்தால், ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பெரியவரை விலக்கிவிட்டு, மற்றொரு பெரியவரை உட்கார வைத்ததாகவே முடியும். "இதைச் செய்" என்பது ஆட்சி. "அறிந்து செய்" என்பது நீதி. இரண்டும் தத்தம் எல்லையில் நின்றால்தான் ஊர் உருப்படும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். முடிவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஏனெனில், முதலாவது, ஆராயாமல் எடுத்த முடிவு சரியானதா என்பதே ஆராயாதவரை தெரியாது. இரண்டாவது, முடிவால் இழப்பவருக்குக் காரணம் கூறுவது, அவரை மனிதராக மதிப்பதன் அடையாளம். மூன்றாவது, வந்து பேச இயலாதவரின் சார்பில் பேசுவது ஆதாரம் ஒன்றே. இம்மூன்றையும் கருதினால், பழுதான ஆதாரத்தின் மீது நின்ற திட்டத்தை நீதிமன்றம் திருப்பி அனுப்புவதால் வரும் தாமதம், கொடுக்கத்தக்க விலையே என்று கொள்ள வேண்டும். ஆயினும் அது விலைதான் என்பதை மறக்கலாகாது. அந்த விலையில் ஒரு பங்கைச் செலுத்துவோர், கூரைக்குக் காத்திருக்கும் குடும்பத்தினர். ஆகவே முதல் தடவையே ஒழுங்காகப் பார்த்து முடிவு செய்யாத மன்றம் செய்வது நிர்வாகப் பிழை மட்டும் அன்று. அவர்களுக்கு இழைக்கும் அநீதியும் ஆகும். வழக்குத் தொடுத்தவர்மீது சினங்கொள்வோர், அச்சினத்தின் பெரும்பங்கை இந்தப் பக்கம் திருப்புவதே முறை.

நம் ஊர்களுக்கும் முழுமைத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. ஆட்சேபணை தெரிவிக்க நாள் குறித்து அறிவிப்பு வருகிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? சாலை அகலப்படுத்தக் கல் நட்ட பிறகு கூடி நின்று புலம்புகிறோம். திட்டத்தைப் பார்க்கச் செல்பவரும், "எங்கள் தெருவுக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவன்று. "இப்படித் தீர்மானிப்பதற்கு முன் எதைப் பார்த்தீர்கள்? வேறு எந்த வழியை எண்ணினீர்கள்? அதை ஏன் விட்டீர்கள்?" என்பதே கேட்க வேண்டியது.

பிறரிடம் இதைக் கேட்கும் தகுதி, நம் கையில் உள்ள சிறு அதிகாரத்தில் இதைக் கடைப்பிடிப்பதால்தான் வரும். பள்ளிக்கூட நிர்வாகத்தில், சங்கத்தின் கணக்கில், மகளுக்கு வந்த வரனைப் பற்றிய பேச்சில், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நாம் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் அந்தப் பெரியவரின் இடத்தில் அமரத்தான் போகிறோம். அன்று நம் வாயிலிருந்து வரும் சொல் சரியாகவே இருக்கலாம். ஆனால் சொல்வதற்கு முன் எழுந்து போய் மனையைப் பார்த்தோமா?